வளராமல் நிற்கும் நாட்கள்: ராட்சதப் பரங்கியின் வைகாசிப் பரீட்சை

ஆயிரம் கிலோவைத் தாண்டும் காயைத் தரப்போகும் கன்று, தொடக்கத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. அந்த வாரங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்தான் அக்டோபரில் தராசு வரை போகிறார்.

2025 அக்டோபர் 4. இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகே வார்க்ரேவில் உள்ள ஒரு நர்சரியில் ஒரு பரங்கிக்காயை எடை போட்டார்கள். 1,278.8 கிலோ! நம் சாலைகளில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட் காரின் எடையைவிட அதிகம். சுற்றளவு மட்டும் 6.3 மீட்டர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் லிமிங்டனைச் சேர்ந்த இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வளர்த்த காய் அது. பள்ளிப் பருவத்தில் பிடித்த பைத்தியம். சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து உலக சாதனை.

பத்திரிகைகளில் வரும் படங்களெல்லாம் அக்டோபர் மாதத்துப் படங்கள்தான். ஆரஞ்சு நிறத்தில் சப்பையாகச் சரிந்து கிடக்கும் மலையும், பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் மனிதரும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அதே தோட்டத்தை யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்தாலும் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. பிளாஸ்டிக் கூடாரம், கொஞ்சம் ஈர மண், நடுவில் மூன்று இலையோடு ஒரு கன்று. நேற்றும் மூன்று இலை, இன்றும் மூன்று இலை.

இந்த வித்தையில் கைதேர்ந்தவர்களைக் கேட்டால், மிகவும் கஷ்டமான காலம் இதுதான் என்பார்கள். காய் ஒரு நாளைக்கு இருபது கிலோ ஏறும் ஆகஸ்ட் மாதத்தில் வேலை அதிகம். ஆனால் மனசுக்குத் தெம்பு இருக்கும். மே மாதத்தில் வேலை குறைவு, கவலைதான் அதிகம். கவலை முற்றினால் கை சும்மா இருக்காது. பாதிக் கன்றுகள் கெடுவது அங்கேதான்.

நானூறு பவுண்டிலிருந்து

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கோடரிச் என்ற ஊர். அங்கே இருந்த வில்லியம் வார்னாக் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 400 பவுண்டு பரங்கிக்காயை அனுப்பினார். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 403 பவுண்டு, அதாவது சுமார் 183 கிலோ காட்டினார். அதை முறியடிக்க உலகத்துக்கு 72 ஆண்டுகள் பிடித்தன. 1976இல் பென்சில்வேனியாவின் பாப் ஃபோர்ட் 451 பவுண்டைத் தொட்டார்.

அதன் பிறகு வந்தவர்தான் இந்தக் கதையின் நாயகர். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், வின்ட்சர் என்ற சிற்றூரில் விவசாயம் பார்த்த ஹோவர்ட் டில். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது. தன் வயலில் நல்ல காயைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு நல்ல கொடியோடு மகரந்தம் சேர்த்து, அதன் விதையை அடுத்த வருடம் போட்டு, மறுபடியும் தேர்ந்தெடுத்தார். பரங்கி வருடத்துக்கு ஒரு தலைமுறைதான் கொடுக்கும். எனவே ஒவ்வொரு சோதனைக்கும் விடை தெரிய ஒரு முழு வருடம். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் போட்டியில் வென்றார். 1981இல் அவர் காய் 493.5 பவுண்டு. அவர் உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ ரகம்தான் இன்று உலகெங்கும் தராசு ஏறும் ராட்சதக் காய்களுக்கெல்லாம் மூலம். டில் 2008இல் காலமானார்.

அந்த விதை பரவிய பிறகு எடை ஏறிய வேகத்தைப் பாருங்கள். 1996இல் முதன்முறையாக ஆயிரம் பவுண்டு. 2012இல் ரோட் ஐலண்டின் ரான் வாலஸ் 2,009 பவுண்டு. 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் 1,054 கிலோ; ஒரு டன்னைத் தாண்டிய முதல் காய். 2021இல் இத்தாலியின் ஸ்டெஃபானோ குட்ருப்பி 1,226 கிலோ. 2023இல் அமெரிக்காவின் டிராவிஸ் ஜின்ஜர் 1,247 கிலோ. இப்போது பேட்டன் சகோதரர்கள்.

விதைக்கும் மவுசு ஏறியது. நல்ல காயின் விதைக்கு அந்தக் காயின் எடையும் வளர்த்தவர் பெயரும் வருடமும்தான் முகவரி. தாய் எது, மகரந்தம் தந்த தந்தை எது என்று வம்சாவளியும் எழுதி வைப்பார்கள். பெனி மையரின் சாதனைக் காயிலிருந்து வந்த ஒரே ஒரு விதை, 2016இல் 1,250 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விலைபோனது. வாங்கிய விதை நிறுவனம் அதை வளர்க்கக் கொடுத்தது இதே பேட்டன் சகோதரர்களிடம்தான். அவ்வளவு விலை கொடுத்த விதை முளைத்துவிட்டு மூன்றாவது இலையோடு நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவரின் பாடு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்!

முளைக்கும் வாரம்

நாம் சாம்பாரில் போடும் பரங்கி ‘குக்குர்பிட்டா மொஸ்கேட்டா’ என்ற இனம். ராட்சதப் பரங்கி அதன் உறவு, ‘குக்குர்பிட்டா மேக்ஸிமா’. தென் அமெரிக்காவில் பிறந்தது. வெப்பம் கேட்கும் செடி. அதை வளர்க்கும் போட்டியோ பனி பெய்யும் நாடுகளில் நடக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அங்கே விதைப்பு ஏப்ரல் நடுவில், வீட்டுக்குள். விதை கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, ஓடும் தடிமன். முளை வரும் கூர்முனையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற விளிம்புகளை நகத்துக்குப் போடும் அரத்தால் மெல்ல உரசுவார்கள்; நீர் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காக. சில மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறிய பிறகு, கூர்முனை கீழே பார்க்கத் தொட்டியில் புதைப்பார்கள். மண்ணுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; அடியில் சூடேற்றும் விரிப்பு இருக்கும். நான்கைந்து நாளில் மண் விரியும், வளைந்த கழுத்து தெரியும், பிறகு இரண்டு வித்திலைகள் நிமிரும்.

முதல் பொறுமைச் சோதனை இங்கேயே வந்துவிடும். சில நாற்றுகள் விதை ஓட்டைத் தலையில் சுமந்தபடியே வெளியே வரும். வித்திலைகள் உள்ளே மாட்டிக்கொண்டு விரிய முடியாமல் திணறும். பார்ப்பவருக்கு உடனே பிய்த்து எடுக்கத் தோன்றும். பிய்த்தால் ஓட்டோடு வித்திலையும் கிழியும். சில நேரம் நடுவிலிருக்கும் குருத்தே முறியும். அனுபவசாலிகள் ஓட்டின் மேல் நீரைத் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓடு ஊறும், இளகும். பிறகு விரல் பட்டாலே கழன்று விழும், பல நேரம் தானாகவே விழும்.

வித்திலைகள் வெறும் அலங்காரமில்லை. விதையில் தாய்ச் செடி சேர்த்துக் கொடுத்த எண்ணெயும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. முதல் நாட்களுக்கான கட்டுச்சோறு அது. இந்தக் காலத்தில் நாற்றுக்கு உரம் வேண்டியதில்லை.

ஒரு வாரம், பத்து நாளில் முதல் உண்மையான இலை வரும். அது எந்தத் திசையில் நீள்கிறதோ, கொடி பெரும்பாலும் அதற்கு எதிர்த்திசையில்தான் ஓடும். அதைப் பார்த்துத்தான் வயலில் நடும்போது கன்றைத் திருப்பி வைப்பார்கள். பின்னால் காய் எங்கே உட்கார வேண்டும் என்பது, ஒற்றை இலை விட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

நின்றுபோன கன்று

முதல் இலை விரிந்து இரண்டாவது எட்டிப் பார்க்கும் பருவத்தில் கன்று வயலுக்குப் போகிறது. அதுவரை வீட்டில் சூடான விரிப்பின் மேல் இருந்தது. இப்போது வெளியே, ராத்திரியில் உறையும் குளிர். கன்றின் மேல் சின்னக் கூடாரம் போடுவார்கள். மண்ணுக்குள் சூடேற்றும் கம்பி புதைப்பவர்கள் உண்டு. ராத்திரியில் விளக்கெரித்துச் சூடு கொடுப்பவர்கள் உண்டு.

இத்தனைக்கும் பிறகு கன்று நின்றுவிடும். ஒரு வாரம் போகும். பக்கத்து ஊர்க்காரரின் கன்றுக்கு ஐந்தாவது இலை வந்துவிட்டதாகச் சேதி வரும். இவருடையது அப்படியே. இலை கொஞ்சம் வெளிறியிருக்கும், அடிப்பக்கம் லேசாக ஊதா ஓடியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் மண்ணின் குளிர்ச்சி. மண் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் பரங்கி வேர் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். மண்ணில் பாஸ்பரஸ் நிறையக் கிடந்தாலும் குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாது. ஊதா நிறம் அதன் அடையாளம். மண் 20 டிகிரியைத் தாண்டி நிலைத்த பிறகுதான் செடிக்குத் தெம்பு வரும்.

இன்னொரு காரணம் நல்ல காரணம். தொட்டியை விட்டு வயலுக்கு வந்த கன்று முதலில் கீழேதான் வேலை பார்க்கும். சேமிப்பை வேருக்குத் திருப்பிவிடும். பின்னால் ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு வரப்போகும் நூற்றுக்கணக்கான இலைகளுக்கு நீர் இறைக்க வேண்டிய வேர் அது. மேலே நாம் எண்ணிக்கொண்டிருக்கும் இலைக் கணக்கில் அந்த வேலை ஏறவே ஏறாது.

ஆக, வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான்: குளிரில் விறைத்து நிற்கும் கன்றும், வேர் விட்டுக்கொண்டிருக்கும் கன்றும். இரண்டையும் பிரித்துச் சொல்வது மண்ணில் செருகிய வெப்பமானி மட்டுமே. தேர்ந்தவர்கள் மே மாதத்தில் கன்றை அளப்பதைவிட மண்ணை அளப்பதில்தான் குறியாக இருப்பார்கள். மண் சூடாக இருந்தால் விட்டுவிடலாம். குளிர்ந்திருந்தால் கன்றை விட்டுவிட்டு மண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் பொறுமை என்பது எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது.

கை செய்யும் கெடுதல்

அவசரத்தில் நான்கு தவறுகள் வரிசையாக நடக்கும்.

முதலாவது தண்ணீர். செடி வாடினாற்போல் தெரிந்தால் ஊற்றத் தோன்றும். குளிர்ந்த மண்ணில் வேர் உறிஞ்சுவது குறைவு. ஊற்றிய நீர் அப்படியே தேங்கும். தேங்கிய நீர் மண்ணை இன்னும் குளிரவைக்கும், காற்றை வெளியேற்றும். பித்தியம் போன்ற கிருமிகளுக்கு அது கொண்டாட்டம். நாற்றழுகல் வந்தால் தண்டு மண்ணோரம் கறுத்து, மறுநாள் காலையில் கன்று சாய்ந்து கிடக்கும்.

இரண்டாவது உரம். வெளிறிய இலையைப் பார்த்ததும் பசிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். வேர் உண்ணாத நேரத்தில் போட்ட உரம், உப்பாக வேரைச் சுற்றியே தங்கும். நுனிவேர் கருகும். இலை விளிம்பு பழுக்கும். அதையும் பசி என்று நினைத்து இன்னொரு பிடி போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, தோண்டிப் பார்ப்பது. வேர் வந்திருக்கிறதா என்ற சந்தேகம். பரங்கிக் குடும்பத்துக்கு வேரை அசைத்தால் பிடிக்காது. ஒருமுறை மண்ணைக் கிளறினால், அறுந்த சல்லிவேர்கள் மறுபடி பிடிக்கும் வரை நாட்கள் வீண். ‘நின்றுவிட்டது’ என்று தோண்டியதாலேயே நிற்கும் கன்றுகள் ஏராளம்.

நான்காவது, கூடாரத்தைச் சீக்கிரம் கழற்றுவது. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்ததும், இனிமேல் கோடைதான் என்று தோன்றும். மூன்றாம் நாள் ராத்திரி உறைபனி விழும். வீட்டிலும் கூடாரத்திலும் வளர்ந்த இலைக்கு வெறும் காற்றும் நேர் வெயிலும்கூடப் புதிது. சில நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று நம் வீடுகளில் சொல்வது, இந்த நான்கு தவறுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

காலண்டரின் கெடுபிடி

‘பொறுமையாக இரு’ என்று சொல்வது எளிது. ஆனால் இந்தப் போட்டிக்குத் தேதி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே நகரில் 1974 முதல் நடந்துவரும் எடைப் போட்டி, அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் போட்டிகள் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். அந்த நாளில் காய் தராசில் இருக்க வேண்டும். 2023இல் ஹாஃப் மூன் பேயில் உலக சாதனை படைத்த ஜின்ஜருக்குப் பரிசு 30,000 டாலர். அவர் மின்னசோட்டா மாநிலத்தின் தோட்டக்கலை ஆசிரியர். ஏப்ரலிலும் பனி விழும் ஊர்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஜூலை முதல் வாரத்துக்குள் பிஞ்சு பிடித்தாக வேண்டும். அதற்குள் மூலக்கொடி சுமார் பத்து, பன்னிரண்டு அடி தாண்டியிருக்க வேண்டும். அடிமரத்தை ஒட்டிக் காய் விட்டால், அதைத் தாங்க இலை போதாது. அப்படியானால் கொடி ஜூன் தொடக்கத்திலாவது ஓடத் தொடங்கவேண்டும். மே மாதத்தில் நின்றுபோகும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் இடிப்பது இதனால்தான்.

ஆனால் இந்தச் செடியின் கணக்கு நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. வெயிலும் வேரும் சேர்ந்துவிட்டால் கொடி நுனி ஒரு நாளைக்கு ஒரு அடிகூட நீளும். மே மாதத்தில் ஒரு வாரம் பின்தங்கிய கன்று, வேர் நன்றாக இருந்தால் ஜூனில் அதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதது வேர்ச்சேதம் மட்டும்தான். ஒரு வாரத் தாமதத்துக்குப் பயந்து வேரைக் கெடுத்துக்கொள்வது, வட்டிக்குப் பயந்து முதலை இழப்பது.

பெட்டிச் செய்தி: பொறுக்கலாமா, பிடுங்கலாமா?

பொறுமை எல்லாக் கன்றுக்கும் செல்லாது. அதனால்தான் யாரும் ஒற்றை விதையை நம்பி இறங்குவதில்லை. இரண்டு மூன்று போட்டு, சிறந்ததை வைத்துக்கொள்வார்கள்.

பொறுக்கலாம்: குருத்து பச்சையாக, சின்னதாக இருந்தாலும் உருவம் சரியாக இருந்தால்; தண்டு மண்ணோரம் உறுதியாக இருந்தால்; மண் வெப்பம் குறைவாக இருந்து, அதைக் கூட்ட வழி இருந்தால்.

பிடுங்கலாம்: நடுக்குருத்தே இல்லாமல் வித்திலை மட்டும் தடித்து நின்றால், மண்ணோரம் தண்டு கறுத்து நொளுநொளுத்தால், மண் நல்ல சூட்டில் இரண்டு வாரம் இருந்தும் குருத்து துளியும் அசையாவிட்டால். கொடி தட்டையாகப் பட்டை போல ஓடினாலும் பலர் அந்தச் செடியை நம்ப மாட்டார்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

நிமிர்ந்து நின்ற கன்று, ஐந்தாறு இலை வந்ததும் ஒருநாள் தரையில் சாயும். கொடி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். காற்றில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, இரண்டு குச்சிகளைக் கொடியின் மேல் குறுக்காகச் செருகுவார்கள். அதன் பிறகு கையை யாரும் கட்டச் சொல்வதில்லை. பக்கக் கொடிகளை இரு புறமும் ஒழுங்காக ஓடவிட்டு, அதிலிருந்து கிளைப்பவற்றைக் கிள்ள வேண்டும். ஒவ்வொரு கணுவையும் மண்ணில் புதைத்து அங்கேயும் வேர் பிடிக்கவைக்க வேண்டும். பெண் பூ மலர்வதற்கு முந்தைய மாலையே அதை மூடிவைத்து, விடியற்காலையில் ஆண் பூவைக் கொண்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு காயை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அறுத்தெறிய வேண்டும்.

அந்த ஒரு காய்க்கு அத்தனை சர்க்கரையும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஜெசிகா சாவேஜ் என்ற தாவரவியலாளரும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ராட்சத ரகங்களின் இலைகள் சாதாரண ரகங்களைவிட வேகமாக உணவு தயாரிப்பதாகத் தெரியவில்லை. மாறியிருந்தது, சர்க்கரையைக் கடத்தும் ஃப்ளோயம் திசுவின் அளவு. அது மிகுதியாக இருந்தது. டில் போன்றவர்கள் காயின் எடையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தபோது, கண்ணுக்குத் தெரியாத குழாய்களையும் சேர்த்தே பெருக்கியிருக்கிறார்கள். இந்தச் செடியின் பலம் எப்போதும் பார்வைக்குப் படாத இடத்தில்தான் இருக்கிறது. கன்றுப் பருவத்தில் வேரில், காய்ப் பருவத்தில் குழாயில்.

அதற்குப் பிறகும் உத்தரவாதம் கிடையாது. ஆகஸ்டில் நாளுக்கு இருபது கிலோவுக்கு மேல் ஏறும்போது தோல் பிளக்கலாம். உட்குழி வரை வெடிப்பு போனால் போட்டியில் செல்லாது. ஆறு மாத உழைப்பு ஒரு காலையில் போகும். போனவர்கள் அடுத்த ஏப்ரலில் மறுபடி விதை உரசுகிறார்கள்.

நம் மாடித் தோட்டத்துக்கு

நமக்கு உறைபனியும் இல்லை, வெப்பக் கம்பியும் வேண்டாம். ஆடிப் பட்டத்தில் போடும் பரங்கி, சுரை, புடலை, பாகல் எல்லாம் இதே குடும்பம்தான். நம் மண்ணின் சூட்டில் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஆனால் கை பரபரப்பு நமக்கும் குறைவில்லை. முளைத்த மூன்றாம் நாளே கரைசல் ஊற்றுகிறோம், காலையும் மாலையும் நீர் விடுகிறோம், இடம் சரியில்லை என்று பெயர்த்து நடுகிறோம். குளிர் செய்யும் கெடுதலை இங்கே நம் வாளி செய்கிறது.

எனவே இந்தப் பட்டத்தில் ஒன்று செய்து பாருங்கள். மூன்றாவது இலை வரும் வரை உரத்தைத் தொடாதீர்கள். மேல்மண் காய்ந்தது விரலுக்குத் தெரிந்த பிறகே நீர் விடுங்கள். வளரவில்லை என்று தோன்றினால், செடியை விட்டுவிட்டு மண்ணைக் கவனியுங்கள்: நீர் தேங்குகிறதா, இறுகிக் கிடக்கிறதா, வெயில் படுகிறதா? மூன்றும் சரியாக இருந்தால் அந்தக் கன்றுக்கு உங்களிடமிருந்து இப்போதைக்கு ஒன்றும் தேவையில்லை.